ஐயாயிரம் டாலருக்குப் போன பிக் டிப்பர்: ஜியாகா லேக் பூங்கா எப்படி மூடப்பட்டது?

2007 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகருக்குத் தென்கிழக்கே இருந்த ஜியாகா லேக் கேளிக்கைப் பூங்கா அந்த ஆண்டுக்கான சீசனை முடித்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்து மே மாதம் திறப்பது அந்தப் பக்கத்துப் பூங்காக்களின் வழக்கம் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, உரிமையாளரான சீடர் ஃபேர் நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. ராட்டினங்கள் இருக்கும் பகுதி இனி நிரந்தரமாகத் திறக்காது. ஏரியின் அக்கரையில் உள்ள நீர்ப்பூங்கா மட்டும் தொடர்ந்து இயங்கும் என்றது அது.

1880களிலிருந்து மக்கள் வந்துபோன இடம் அது. ரசிகர்கள் கடைசியாக ஒருமுறை ஏறி இறங்கக்கூட வாய்ப்புத் தரப்படவில்லை. மூடியதைவிட மூடிய விதம்தான் பலரை இன்றுவரை கொதிக்க வைக்கிறது. சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2005இல் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோவேர்ல்டை மூடியபோது செப்டம்பரில் சொல்லி அக்டோபர் இறுதிவரை நடத்தியது. அந்தக் கடைசி வாரங்களில் கூட்டம் அலைமோதியது. ஜியாகா லேக்கில் அந்த மரியாதைகூட இல்லை.

யார் கொன்றார்கள் என்ற வழக்கு அன்று தொடங்கியது. ஒரு கட்சி சீடர் ஃபேரைக் கூண்டில் ஏற்றுகிறது, இன்னொரு கட்சி அதற்கு முந்தைய உரிமையாளரான சிக்ஸ் ஃபிளாக்ஸை. இரண்டு நிறுவனங்களும் 2024இல் ஒன்றாக இணைந்துவிட்டதால் வழக்கில் எதிரிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் வழக்கு ஓயவில்லை. நானும் இதில் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறேன். அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

சின்னப் பூங்காவாக இருந்த காலம்

ரயில் பாதையை ஒட்டிய ஏரிக்கரையில் நகரத்து மக்கள் பிக்னிக் போகும் இடமாகத்தான் இது தொடங்கியது. 1925இல் ஜான் மில்லர் வடிவமைத்த ஒரு மர ரோலர் கோஸ்டர் வந்தது. வண்டி மேட்டிலிருந்து பாயும்போது தடத்தைவிட்டு எகிறிவிடாமல், தடத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இன்றைய கோஸ்டர்களெல்லாம் அந்தச் சக்கரத்தை நம்பியே பாய்கின்றன. பல பெயர்களில் இருந்து, கடைசியில் பிக் டிப்பர் என்று நிலைத்த அந்தக் கோஸ்டர் பூங்காவின் அடையாளமாகவே ஆனது. 1926இல் இல்லியன்ஸ் பட்டறையில் செதுக்கிய மரக்குதிரை ராட்டினம் ஒன்றும் பின்னாளில் வந்துசேர்ந்தது.

1969இல் ஃபன்டைம் என்ற நிறுவனம் பூங்காவை வாங்கியது. அதை நடத்தியவர்கள் சீடர் பாயின்ட் பூங்காவில் வேலைபார்த்துத் தொழில் கற்றவர்கள். 1977இல் இரட்டைச் சுழல் கோஸ்டர், 1983இல் அலைக்குளம், 1988இல் ரேஜிங் உல்ஃப் பாப்ஸ் என்ற மரக் கோஸ்டர் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று சேரும். ஏரியின் எதிர்க்கரையில் 1970 முதல் சீவேர்ல்டு இருந்தது. அங்கே திமிங்கலமும் டால்ஃபினும், இங்கே ராட்டினம். ஒருவர் வயிற்றில் இன்னொருவர் அடிக்காமல் இரண்டு கரையும் பிழைத்தன. இந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. சண்டை எதுவும் இல்லாத காலம் என்பதால் இருக்கலாம்.

பணம் பாய்ந்த வேகம்

1995இல் பிரீமியர் பார்க்ஸ் என்ற நிறுவனம் ஃபன்டைமை வாங்கியது. அதே பிரீமியர் 1998இல் சுமார் 190 கோடி டாலர் கொடுத்து, தன்னைவிடப் பல மடங்கு பெயர்பெற்ற சிக்ஸ் ஃபிளாக்ஸை வாங்கி, பிறகு அந்தப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. கையில் இருந்த சின்னப் பூங்காக்களில் எதையெல்லாம் சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஆக்கலாம் என்று பார்த்ததில் ஜியாகா லேக்குக்கு யோகம் அடித்தது.

2000ஆம் ஆண்டு சுமார் 4 கோடி டாலர் செலவில் ஒரே சீசனில் இருபது புதிய ராட்டினங்கள் வந்தன. அவற்றில் நான்கு ரோலர் கோஸ்டர்கள்: தரையில்லாமல் கால் தொங்கப் பறக்கும் பேட்மேன் நைட் ஃபிளைட், செங்குத்தாக ஏறி இறங்கும் சூப்பர்மேன், எஃகுச் சட்டத்தின்மேல் மரத்தடம் போட்ட வில்லன், குழந்தைகளுக்கான ரோட் ரன்னர். பூங்காவின் பெயர் சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஒஹாயோ ஆனது. அடுத்த ஆண்டே எதிர்க்கரையின் சீவேர்ல்டை ஆன்ஹைசர்-புஷ் நிறுவனத்திடமிருந்து 11 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஏரியின்மேல் மிதவைப் பாலம் போட்டு, படகு விட்டு, இரண்டு கரைகளையும் இணைத்து, சிக்ஸ் ஃபிளாக்ஸ் வேர்ல்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் என்று மூச்சு முட்டும் ஒரு பெயரை வைத்தார்கள். ராட்டினப் பூங்கா, நீர்ப்பூங்கா, கடல்வாழ் உயிரினப் பூங்கா மூன்றுக்கும் ஒரே டிக்கெட்.

அந்த 2001ஆம் ஆண்டு சுமார் 27 லட்சம் பேர் வந்தார்கள். அதுவே உச்சம். அதன் பிறகு இறங்குமுகம்தான்.

காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. கிளீவ்லாந்து 1950இல் ஒன்பது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4 லட்சத்து 78 ஆயிரம். புறநகர்களையும் சேர்த்தால் கூட்டம் உண்டு என்றாலும், வளர்கிற ஊர் அல்ல. அங்கிருந்து மேற்கே அறுபது மைலில், சாண்டஸ்கியில், உலகக் கோஸ்டர் ரசிகர்களின் புனிதத் தலமான சீடர் பாயின்ட் இருக்கிறது. ஜியாகா லேக் நான்கு கோஸ்டர்களைத் திறந்த அதே 2000இல் சீடர் பாயின்ட் 310 அடி உயர மில்லேனியம் ஃபோர்ஸைத் திறந்தது. 2003இல் 420 அடி டாப் திரில் டிராக்ஸ்டர். அந்தப் பந்தயத்தில் போய் நின்றிருக்கவே வேண்டாம். பூங்கா ஐந்து மாதம்கூடத் திறந்திராத குளிர் ஊரில், திமிங்கலத்துக்கும் கடல்சிங்கத்துக்கும் பன்னிரண்டு மாதமும் தீனி போட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் நான்கு கோஸ்டர் வைத்தவர்களுக்கு அடுத்தடுத்த வருடங்களில் விளம்பரப்படுத்தப் புதிதாக என்ன இருக்கும்? 2001இல் ஒரு பறக்கும் கோஸ்டர், எக்ஸ்-ஃபிளைட், வந்தது. அத்தோடு பெரிய வரவுகள் நின்றன.

இங்கே ரசிகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டைப் பொற்காலம் என்று கொண்டாடியவர்களும், சிக்ஸ் ஃபிளாக்ஸ் பேராசையால் கெடுத்தது என்று பின்னாளில் சொன்னவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஒரு பூங்காவின் மதிப்பைக் கோஸ்டர்களின் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும்.

இரண்டு மாதத்தில் பெயிண்ட் அடித்த பூங்கா

கடன் கழுத்தை நெரித்தபோது சிக்ஸ் ஃபிளாக்ஸ் சொத்துக்களை விற்கத் தொடங்கியது. 2004 மார்ச்சில் ஐரோப்பியப் பூங்காக்களையும் ஒஹாயோ பூங்காவையும் தனித்தனியே இருவருக்கு விற்பதாக அறிவித்தது. ஒஹாயோவை வாங்கியது சீடர் பாயின்டின் சொந்தக்காரரான சீடர் ஃபேர். விலை 14.5 கோடி டாலர். சீவேர்ல்டுக்குக் கொடுத்த 11 கோடியையும் 2000ஆம் ஆண்டின் 4 கோடியையும் கூட்டினாலே 15 கோடி ஆகிறது. பழைய பூங்காவின் நிலமும் பிக் டிப்பரும் இனாமாகப் போயின என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் விலங்குகள் சேரவில்லை. பிரான்சிலிருந்து 2002இல் கொண்டுவரப்பட்ட ஷூகா என்ற ஓர்க்கா (கொலைத் திமிங்கலம்) உட்பட எல்லாவற்றையும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் தன் மற்றப் பூங்காக்களுக்கு எடுத்துக்கொண்டது. பேட்மேன், சூப்பர்மேன், கார்ட்டூன் பாத்திரங்களுக்கான உரிமமும் விற்றவரிடமே தங்கிவிட்டது. சீசன் திறக்க இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் வாயில் பலகை முதல் குப்பைத்தொட்டி வரை பெயர் மாற்ற வேண்டும். பேட்மேன் நைட் ஃபிளைட் டாமினேட்டர் ஆனது. சூப்பர்மேன் ஸ்டீல் வெனம் ஆனது, சீரியல் திரில்லர் தண்டர்ஹாக் ஆனது, மைண்ட் இரேசர் ஹெட் ஸ்பின் ஆனது. குழந்தைகளின் ரோட் ரன்னர், பீவர் லேண்ட் மைன் ரைட் என்று மாறியது. பூங்காவுக்குப் பழைய பெயரான ஜியாகா லேக் திரும்பக் கிடைத்தது. பழைய ரசிகர்கள் இதில் மனம் குளிர்ந்தார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். அந்த வசந்தத்தில் சீடர் ஃபேர் அவர்களுக்கு மீட்பராகவே தெரிந்தது.

ஆனால் கோடையில் வந்த குடும்பங்கள் கண்டது வேறு. ஏரியின் அக்கரை முழுவதும் பூட்டிக்கிடந்தது. முந்தைய ஆண்டு திமிங்கலம் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு காட்ட ஒன்றுமில்லை. பேட்மேனும் பக்ஸ் பன்னியும் இல்லை. என் கணிப்பில் பூங்காவின் வாழ்வைத் தீர்மானித்தது இந்த ஒரு கோடைதான். கோஸ்டர் ரசிகர் பெயர்ப்பலகை மாறினாலும் வருவார். இரண்டு குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு கோடை வராமல் இருந்து பழகிவிட்டால் அந்தப் பழக்கம் நிலைத்துவிடுகிறது.

சீடர் ஃபேர் சும்மா இருக்கவில்லை. 2.6 கோடி டாலர் ஒதுக்கி, 2005இலும் 2006இலும் இரண்டு கட்டங்களாக, சீவேர்ல்டு நிலத்தில் வைல்டுவாட்டர் கிங்டம் என்ற நீர்ப்பூங்காவைக் கட்டியது. ராட்டினப் பக்கம் மட்டும் பட்டினி கிடந்தது. நான்கு சீசன்களில் பெரிய கோஸ்டர் ஒன்றுகூட வரவில்லை. வருகை பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இலையுதிர்கால நாட்கள் காலண்டரிலிருந்து உதிரத் தொடங்கின. ஒரு பூங்காவின் எதிர்காலத்தை அறிய முதலாளியின் பேட்டியைப் படிப்பதைவிட அதன் காலண்டரைப் படிப்பது மேல். எந்த மாதம் வெட்டப்படுகிறது என்பதில் உண்மை இருக்கிறது.

கழற்ற முடிந்ததும் முடியாததும்

2006 ஜூனில் சீடர் ஃபேர் பாரமவுன்ட் பூங்காக்கள் ஐந்தையும் 124 கோடி டாலருக்கு வாங்கியது. பெரும்பகுதி கடன். அதில் சின்சினாட்டி அருகே உள்ள கிங்ஸ் ஐலண்டும் அடக்கம். ஒரே மாநிலத்தில் மூன்று பூங்கா. ஒரே தெருவில் மூன்று கடை வைத்திருப்பவர் வியாபாரம் மந்தமான கடையின் சரக்கை மற்ற இரண்டுக்கும் எடுத்துப்போவது இயல்பு. அந்த சீசன் முடிந்ததும் எக்ஸ்-ஃபிளைட்டையும் ஸ்டீல் வெனத்தையும் கழற்றினார்கள். முன்னது 2007இல் கிங்ஸ் ஐலண்டில் ஃபயர்ஹாக் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. பின்னது பென்சில்வேனியாவின் டோர்னி பார்க்குக்குப் போனது.

மூடிய பிறகு மிச்சமிருந்தவையும் கிளம்பின. டாமினேட்டர் வர்ஜீனியாவின் கிங்ஸ் டொமினியனுக்கு, தண்டர்ஹாக் மிச்சிகன்ஸ் அட்வென்சருக்கு, ஹெட் ஸ்பின் வட கரோலினாவின் காரோவிண்ட்ஸுக்கு. எல்லாம் சீடர் ஃபேரின் சொந்தப் பூங்காக்கள். மரக்குதிரை ராட்டினம் கான்சஸ் சிட்டியின் வேர்ல்ட்ஸ் ஆஃப் ஃபன்னில் 2011இல் மீண்டும் சுற்றத் தொடங்கியது.

எஃகுக் கோஸ்டரில் தூணும் தடமும் ஆலையில் செய்யப்பட்டு எண்ணிட்டு வருபவை. போல்ட்டைக் கழற்றி, லாரிகளில் ஏற்றி, வேறு ஊரில் புது அடித்தளம் போட்டு அதே எண் வரிசையில் மாட்டிவிடலாம். மரக் கோஸ்டர் அப்படியல்ல. அந்த இடத்திலேயே அறுத்து, துளையிட்டு, அந்த மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி அடித்தது. பிரித்தால் கையில் கிடைப்பது பழைய விறகும் ஆணியும்தான். 2008 ஜூன் 17 அன்று ஏலம் விட்டார்கள். பிக் டிப்பர் 5,000 டாலருக்குப் போனது. மற்ற இரண்டு மரத்தடக் கோஸ்டர்களும் அதில் பாதிக்கு.

ஏலம் எடுத்தவர் அதை எங்கும் கொண்டுபோகவில்லை. செடிகொடி ஏறி, தடம் சரிந்து, எட்டு ஆண்டுகள் நின்ற இடத்திலேயே நின்று 2016இல் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு வைல்டுவாட்டர் கிங்டமும் மூடியது. நிலம் வீட்டுமனைக்காரர்களிடம் போனது.

ரசிகர் சண்டையில் போதிய அளவு பேசப்படாத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். பிரீமியரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை கழற்றி எடுத்துப்போகக் கூடியவை. பல பூங்காக்கள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அவை இன்று இங்கே, நாளை எங்கேயோ நிற்கும் சொத்து. அந்த ஊருக்கென்றே இருந்தவை ஏரியும் பிக் டிப்பரும். நிறுவனத்தின் ஏட்டில் ஏரி நிலமதிப்பாக இருந்தது. பிக் டிப்பர் பராமரிப்புச் செலவாக. உள்ளூர்க்காரர்கள் எதைப் பூங்கா என்று நினைத்தார்களோ அது ஏட்டில் சொத்தாகவே இல்லை.

இனி வழக்கு

சீடர் ஃபேர் போட்டியை ஒழிக்கவே வாங்கியது என்பவர்களின் வாதத்தில் பலம் இருக்கிறது: புதுக் கோஸ்டர் இல்லை, காலண்டர் வெட்டு, மூடுவதற்கு முன்பே இரண்டைக் கழற்றியது, சீசன் முடியும்வரை வாய் திறக்காதது. ஆனால் கொல்வதற்காக 14.5 கோடி கொடுத்து, அதன்மேல் 2.6 கோடிக்கு நீர்ச்சறுக்கு கட்டுகிறவர் விசித்திரமான கொலைகாரராக இருக்க வேண்டும். சிக்ஸ் ஃபிளாக்ஸின் கையில் விட்டிருந்தாலே போதும். அது 2009இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

2004இல் நல்லெண்ணம் இருந்தது, திட்டம் இல்லை. 2006இல் பாரமவுன்ட் கடன் ஏறியதும் நல்லெண்ணமும் போயிற்று. சீடர் ஃபேர் அப்போது கூட்டாண்மை வடிவில் இருந்த நிறுவனம். பங்குதாரர்களுக்குக் காலாண்டுதோறும் பணம் பிரித்துத் தருவதே அதன் பெருமை. வட்டி கட்ட வேண்டும், பங்கும் பிரிக்க வேண்டும் என்றால் எங்கேயாவது கை வைத்தாக வேண்டும். வடகிழக்கு ஒஹாயோவில் ஒரு குடும்பம் ஜியாகா லேக் இல்லாவிட்டால் சீடர் பாயின்டுக்குப் போகும், அந்தப் பணமும் அதே கல்லாவுக்கு வரும் என்ற எண்ணம் யாருடைய மனத்திலாவது இருந்ததா என்பதற்குச் சாட்சி கிடையாது. அந்த எண்ணம் வர வசதியான நாற்காலி அது என்பது மட்டும் உறுதி. சிக்ஸ் ஃபிளாக்ஸ் கட்சிக்காரர்களின் வாதம் எனக்கு இன்னும் நெருக்கமானது: ஊர் தாங்காத அளவுக்கு ஊதிய பூங்காவை அடுத்து எவர் வாங்கியிருந்தாலும் சுருக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். சுருக்குவதற்கும் மூடுவதற்கும் உள்ள தூரத்துக்குத்தான் சீடர் ஃபேர் பதில் சொல்ல வேண்டும். ஃபன்டைம் காலத்து அளவுக்கு, பிக் டிப்பரும் நீர்ப்பூங்காவும் நான்கைந்து நல்ல ராட்டினமுமாகக் குறைத்து நடத்திப் பார்க்கவே இல்லையே.

குடும்பச் சொத்தாக இருக்கும் பூங்காக்கள் வேறு மாதிரி யோசிக்கும். பென்சில்வேனியாவின் நோபெல்ஸ் பூங்கா, டெக்சாஸில் மூடிக்கிடந்த ஒரு பூங்காவின் மரக் கோஸ்டரைப் பலகை பலகையாகப் பிரித்து ஆயிரம் மைலுக்கு மேல் கொண்டுவந்து 1985இல் ஃபீனிக்ஸ் என்ற பெயரில் ஓட்டியது. இன்றும் மரக் கோஸ்டர் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது அதைத்தான். மனமிருந்தால் முடியும். அந்த மனம் நாற்பது பூங்கா வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வருவது கடினம்.

2024 ஜூலை 1 அன்று சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் இணைந்து, சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பெயரில் ஒரே நிறுவனம் ஆயின. அன்று கையில் 27 கேளிக்கைப் பூங்காக்களும் 15 நீர்ப்பூங்காக்களும். மேரிலாந்தின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா 2025 நவம்பரில் மூடியது; அதை அந்த ஆண்டு மே மாதமே சொல்லிவிட்டார்கள். ரசிகர்கள் அடுத்துப் பார்ப்பது கலிஃபோர்னியாவின் கிரேட் அமெரிக்காவை. 2006இல் அதே பாரமவுன்ட் பேரத்தில் சீடர் ஃபேரிடம் வந்த பூங்கா அது. நகராட்சியிடமிருந்த நிலத்தை 2019இல் 15 கோடி டாலருக்கு வாங்கிய நிறுவனம், 2022இல் புரோலாஜிஸ் என்ற கிடங்கு நிறுவனத்துக்கு 31 கோடிக்கு விற்றுவிட்டு, ஆறு ஆண்டுக் குத்தகைக்கு அதே இடத்தில் நடத்துகிறது. வேண்டுமானால் மேலும் ஐந்து ஆண்டு நீட்டலாம்.

அங்கே 2018இல் வந்த ரெயில்பிளேசர் ஒற்றைத் தடத்தில் ஓடும் எஃகுக் கோஸ்டர். அது எந்தப் பூங்காவுக்குப் போகும் என்று ரசிகர்கள் இப்போதே பந்தயம் கட்டுகிறார்கள். 2013இல் கட்டிய கோல்ட் ஸ்ட்ரைக்கர் மரம். அதையும் யாராவது பிரித்து எடுத்துப்போக மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு நான் நோபெல்ஸைத்தான் காட்டுவேன். அப்படி இடம்பெயர்ந்த பெரிய மரக் கோஸ்டர்கள் மொத்தம் எத்தனை என்று திருப்பிக் கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.